மூன்று டைட்டானியத் துண்டுகளும் ஒரு தொடை எலும்பும்

துடியலூர்ப் பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, முன்பொரு ஃபோர்ஜிங் பட்டறை இருந்தது. அங்கே ஒரு பெரிய சம்மட்டி அரசாண்டது. கையால் தூக்குகிற சம்மட்டி அல்ல. ஒன்றரை டன் எடையில், காற்றழுத்தத்தில் ஏறி இறங்குகிற இயந்திரம். அது ஓங்கி ஒரு அடி போட்டால் அடுத்த தெரு டீக்கடையில் டம்ளர்கள் குலுங்கும்.

அந்தப் பட்டறைக்கு வந்ததெல்லாம் இரும்பும் எஃகும்தான். உலை அவற்றை வெளுக்க வெளுக்கக் காய்ச்சும். சம்மட்டி அடிக்கும். அவை லாரிக்கு அச்சாகவோ டிராக்டருக்குக் கொக்கியாகவோ வெளியே போகும். எதிர்ப்பேச்சு என்ற ஒன்றை அந்தத் தகரக் கூரை கேட்டதே இல்லை. அப்படியிருக்கும்போது சம்மட்டிக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

ஃபோர்மேன் நாச்சிமுத்து இருபத்தாறு வருடமாக அங்கே இருந்தார். உலைக் கதவைத் திறந்து நிறத்தைப் பார்த்தே சூடு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். உலையின் தலைமேல் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் கண்ணாடியில் தூசி அப்பி, உள்ளே முள் இருக்கிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. அடிக்கும்போது ஒரு துண்டு பிளந்தால் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: சூடு பத்தவில்லை, இன்னும் காய்ச்சு. இரும்புக்கு அந்த வைத்தியம் பலித்துக்கொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று புதிய துண்டுகள் வந்து இறங்கின. மங்கலான சாம்பல் நிறம். முழங்கை நீளம். கையில் எடுத்தால் இரும்பின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒரே கம்பியில் அறுத்த மூன்று டைட்டானியத் துண்டுகள். அவற்றோடு ஒரு காகிதமும் ஒரு எக்ஸ்ரே படமும் வந்தன.

எக்ஸ்ரே படம் கோகிலவாணியுடையது. நூற்பாலையில் வேலை செய்பவள். நூல் அறுந்த இடத்தையெல்லாம் தேடித்தேடி முடிந்துகொண்டே, ஒரு ஷிப்டுக்குள் பத்து மைல் நடந்துவிடுகிற வேலை அது. இடது தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் அந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த எலும்புக்கு, கடைகளில் கிடைக்கிற செயற்கை மூட்டு எதுவும் பொருந்தவில்லை. அவளுக்கென்றே ஒன்று செய்ய வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் ஆபரேஷன். அதற்குள் நல்லதாக ஒன்று வந்தால் அவள் நடப்பாள். வராவிட்டால், அடுத்த கம்பி கப்பலில் வந்து சேர நான்கு மாதம் ஆகும். அதற்குள் கால் சூம்பிப் போகும், பிறகு சக்கர நாற்காலிதான்.

துண்டுகள் மூன்று வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒன்று உடம்புக்குள் போக. ஒன்று வெட்டிச் சோதித்துப் பார்க்க. ஒன்று கைத்தவறுக்கு.

காகிதத்தில் நான்கே வரிகள். சூடு தொள்ளாயிரத்து முப்பது டிகிரி, அதற்கு மேல் போகக் கூடாது. காற்று படாமலிருக்கக் கண்ணாடிப் பூச்சு பூச வேண்டும். துண்டைக் கிடத்துகிற டையையும் சூடாக்க வேண்டும். மெதுவாக அழுத்த வேண்டும். பட்டறையில் தரம் பார்க்கிற பிலோமினா அதைப் படித்து நாச்சிமுத்துவிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். காகிதத்தில் சூடு தெரியாது, கண்ணில்தான் தெரியும் என்றார்.

எக்ஸ்ரே படத்தை அவருடைய அறைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். வெயில் பின்னாலிருந்து விழுந்ததும் படத்துக்குள் இருந்த எலும்பு கண் விழித்தது. தலை போன எலும்பு. ஆனாலும் அதன் குரலில் அழுகை இல்லை.

"உங்களில் யார் என்னோடு வரப்போவது?" என்று அது துண்டுகளைக் கேட்டது. "அழகு எனக்கு வேண்டாம். உள்ளே வந்து யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவை அவள் எடை முழுக்க இந்தக் காலில் இறங்கும். அதைத் தாங்குகிறவர் வாருங்கள். மற்றவர்கள் இங்கேயே கொக்கியாகப் போங்கள்."

ஓரமாக அடுக்கிக் கிடந்த எஃகுத் துண்டுகளுக்குச் சிரிப்பு வந்தது. புதுசுகளா, இங்கே ஒரே சட்டம்தான், உலை சொல்கிற சூட்டுக்கு ஏறு, சம்மட்டி சொல்கிற பக்கம் சாய், வேலை முடிந்தது என்று புத்தி சொல்லின. நாங்கள் எல்லாம் அப்படித்தான் பிழைத்தோம் என்று பெருமையும் பட்டுக்கொண்டன. பிழைத்தவர்கள் எல்லோரும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள்.

முதல் துண்டு உலைக்குள் போனது. ஆரஞ்சு நிறம் வந்ததும் நாச்சிமுத்து கதவைத் திறக்கச் சொன்னார். இடுக்கியால் பிடித்துக் கொண்டுவந்து சம்மட்டிக்கு அடியில் கிடத்தினார்கள். அந்த டையோ காலையிலிருந்து சும்மா கிடந்தது, ஜில்லென்று இருந்தது. டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடு அதற்குள் வேகமாகப் பரவாது. ஜில்லென்ற இரும்பு பட்டதும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போதே மேல்தோல் விறைத்துப் போனது.

"வளை" என்றது சம்மட்டி.

"வளைய மாட்டேன் என்று சொல்லவில்லை" என்றது முதல் துண்டு. "இப்படிக் குளிர்ந்த இரும்பில் கிடத்தி, இத்தனை அவசரமாக அடித்தால் மாட்டேன்."

சம்மட்டிக்கு அது புரியவில்லை. மாட்டேன் என்ற சொல்லே அதற்குப் புதிது. இரண்டாம் அடி இன்னும் ஓங்கி விழுந்தது. துண்டின் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் படாரென்று ஒரு பிளவு ஓடியது.

எஃகுத் துண்டுகள் கெக்கலி கொட்டின. சம்மட்டி மூச்சை இழுத்து மேலே ஏறி நின்று, தோற்றாயா என்று கேட்டது.

"எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் பிளந்தேன்" என்றது முதல் துண்டு. "அவள் காலுக்குள் போய்ப் பிளக்கவில்லை."

அதைக் கழிவுக் குவியலில் வீசினார்கள். ஒரு நியாயமான பேச்சுக்கு அந்தப் பட்டறை கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

நாச்சிமுத்து தன் வழக்கமான வைத்தியத்தைச் சொன்னார். சூடு பத்தவில்லை. இரண்டாம் துண்டை உலைக்குள் தள்ளி, எஃகுக்கு வைக்கிற அளவுக்குத் தீயை ஏற்றச் சொன்னார். உலைக்கு வாயெல்லாம் பல். மீட்டருக்குள் முள் ஆயிரத்தைத் தாண்டி, ஆயிரத்து நூறையும் தாண்டிக்கொண்டிருந்தது. தூசிக்குப் பின்னால் அது கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இரண்டாம் துண்டு சுபாவத்திலேயே பயந்தது. அண்ணன் கழிவில் கிடப்பதைப் பார்த்தபின் அதற்கு வேறு யோசனையே ஓடவில்லை. உலை ஏறு என்றபோதெல்லாம் ஏறியது. நிறம் வெளுத்தது. சம்மட்டி அடித்தபோது வெண்ணெய் மாதிரி வளைந்தது. ஆறே அடி. ஒரு முனை கூம்பாகி, மறுமுனை கழுத்தாகத் திரும்பி, வரைபடத்தில் உள்ளபடியே வந்து நின்றது. எங்கும் ஒரு கீறல் இல்லை.

பட்டறையே கூடி நின்று பார்த்தது. இது பிழைக்கத் தெரிந்த பிள்ளை என்று எஃகுத் துண்டுகள் சர்டிஃபிகேட் கொடுத்தன. சம்மட்டி முதன்முறையாக ஒருவரைப் பாராட்டியது.

எலும்பு மட்டும் கேட்டது, "உள்ளே எப்படி இருக்கிறாய்?"

இரண்டாம் துண்டு திகைத்தது. "அதை இங்கே யாரும் கேட்கவில்லையே" என்றது.

கேட்க ஒரு ஆள் இருந்தாள். பிலோமினா அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றாள். நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிப் போனது. இதுதான் உடம்புக்குள் போகப் போவது, மூன்றாவதை இதே மாதிரி அடித்துத் தருகிறேன், அதை வேண்டுமானால் வெட்டு என்றார். அவளோ, பூச்சும் பூசவில்லை, சூடும் எவ்வளவென்று தெரியாது, இதைப் பார்க்காமல் மூன்றாவதைத் தொட விட மாட்டேன் என்றாள்.

"இருபத்தாறு வருசமா என் கையில ஒரு உருப்படி திரும்பி வந்ததில்லீங்க, அம்மணி" என்றார் நாச்சிமுத்து. "இதுல என்ன குறை கண்டீங்க? காட்டுங்க."

"குறை தெரியலீங்ணா. அதுதான் பயமா இருக்குது. அந்தப் பொண்ணு கால்ல ஒடிஞ்சப்பறம் வெட்டிப் பாக்கறதுக்கு, இப்பவே பாத்துக்கலாம்."

"அப்பறம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமிருக்கும்."

"இருக்கட்டும். இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதலாளி வந்து சொன்னாலும் போட மாட்டேன்."

முதலாளி வந்தார், சொல்லியும் பார்த்தார். அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். வேலை போகுமே என்ற பயம் அவளுக்கு இல்லாமலில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பேனா வெளியே வரவில்லை. கடைசியில் துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பத்தான் வேண்டியிருந்தது.

அங்கே அதிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து ஒரு இயந்திரத்தில் மாட்டினார்கள். நடக்கிறவளின் எடையை அது ஏற்றும், இறக்கும், ஏற்றும், இறக்கும். ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு கோடியைத் தாண்டினால் பாஸ். மறுநாள் சாயங்காலம் டக்கென்று ஒரு சத்தம். இயந்திரம் தானே நின்றது. எண் ஒன்பது லட்சத்தில் நின்றிருந்தது.

ஒடிந்த துண்டைப் பிலோமினா பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ரவை மாதிரி நைசாக இருக்க வேண்டிய உள்பாகம் கல்லுப்பு மாதிரி பெரிது பெரிதாகப் பருத்திருந்தது. தாங்க முடியாத சூட்டில் அதன் உள்கட்டு முழுதும் குலைந்து போயிருந்தது. வெளியே மட்டும் மினுமினுப்பு.

ஒன்பது லட்சம் என்றால் எத்தனை நாள் என்று நாச்சிமுத்து கேட்டார். அந்தக் கால் நாளைக்குப் பத்தாயிரம் தடவை தரையில் பட்டால் தொண்ணூறு நாள் என்றாள். மூன்று மாதம். அவர் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் அலறிக்கொண்டு கீழே விழுவது அவர் கண்முன் வந்து போனது. அவர் கெட்ட மனிதரல்ல. தன் கண்ணை நம்பினார், அவ்வளவுதான். அந்தக் கண்தான் அவரைக் கைவிட்டது.

"நான் என்ன தப்பு செய்தேன்?" என்று புலம்பியது இரண்டாம் துண்டு. "சொன்னதையெல்லாம் கேட்டேனே."

"கேட்டாய்" என்றது எலும்பு. அதன்மேல் எலும்புக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

இனி மூன்றாம் துண்டு ஒன்றுதான் பாக்கி. அது உடைந்தாலும் குலைந்தாலும் கோகிலவாணிக்கு நாற்காலிதான். பட்டறை முழுவதும் அதையே பார்த்தது.

மறுநாள் காலை நாச்சிமுத்து வந்ததும் முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறினார். தோளில் கிடந்த துவாலையால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். டீ கிளாஸுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து, ஈர வட்டம் பதிந்திருந்த அந்த நான்கு வரிகளையும் வாய்விட்டுப் படித்தார். துண்டுக்குக் கண்ணாடிப் பூச்சு பூசினார்கள். டையின்மேல் கேஸ் பர்னரைப் பிடித்து அதையும் சூடாக்கினார்கள்.

உலைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முள் தொள்ளாயிரத்து முப்பதைத் தொட்டதும் அது துண்டிடம் கொஞ்சிப் பேசியது. இன்னும் இருநூறு ஏறு, ஒன்றுமே தெரியாது, வலிக்கவே வலிக்காது என்றது.

"வலிக்காது என்பதுதான் எனக்குப் பயம்" என்றது மூன்றாம் துண்டு. "என் சூடு இதுதான். இதற்குக் கீழே வந்தால் பிளப்பேன். மேலே போனால் குலைவேன். இதைத் தாண்டி ஒரு படி ஏற மாட்டேன்."

முள்ளும் அதோடு சேர்ந்து அங்கேயே நின்றது. நாச்சிமுத்து தீயைக் குறைத்தார்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? துண்டை வெளியே எடுத்ததும் அவர் கால்கள் தாமாகச் சம்மட்டியிடம்தான் போயின. சம்மட்டி முதல் அடியை மெல்லத்தான் போட்டது. துண்டு அசையவில்லை. அடி அப்படியே திரும்பி மேலே துள்ளியது. சம்மட்டிக்கு வெறி ஏறியது. இரண்டு பேரையும் ஒரு கை பார்த்தவன் நான், நீ எந்த மூலை என்று உறுமிக்கொண்டு உச்சிக்கு ஏறியது.

"அடி" என்றது மூன்றாம் துண்டு. "உன்னால் என்னைப் பிளக்க முடியும். அது எனக்குத் தெரியும். வளைக்க முடியாது."

அந்தத் துள்ளல் தரை வழியாக நாச்சிமுத்துவின் பாதத்துக்கு ஏறியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் கால் ஆயிரக்கணக்கான அடிகளை வாங்கியிருக்கிறது. இப்படி ஒன்றை வாங்கியதில்லை. அவர் கையைத் தூக்கிச் சம்மட்டியை நிறுத்தச் சொன்னார்.

"இது வேண்டாங்குதுங்க, அம்மணி" என்றார் பிலோமினாவிடம். "பிரஸ்ஸுக்குக் கொண்டு போலாம்."

மூலையில் ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ் நின்றது. கோணிப்போன தண்டுகளை நிமிர்த்துவதற்கு மட்டும் எப்போதாவது தொடுவார்கள். சத்தமே போடாது. அதனாலேயே அதை யாரும் மதித்ததில்லை. துண்டை மறுபடி உலையில் வைத்து அதே தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கொண்டுவந்து, சூடாக்கிய டையோடு பிரஸ்ஸுக்கு அடியில் வைத்தார்கள்.

"உன்னை ஜெயிக்கிற எண்ணம் எனக்கில்லை" என்றது பிரஸ். "அந்த எலும்பின் குழியில் நீ உட்கார வேண்டும். அதற்கு என்ன வளைவு வேண்டுமோ அதுதான் எனக்கு வேண்டும். தாங்க முடியாவிட்டால் சொல், நிறுத்துகிறேன்."

அதன் பிறகுதான் மூன்றாம் துண்டு அசைந்தது. பிரஸ் கொஞ்சம் அழுத்தியது, துண்டு கொஞ்சம் கொடுத்தது. சூடு இறங்குகிற நேரம் வந்ததும் நிறுத்தி மீண்டும் உலைக்கு அனுப்பினார்கள். ஐந்து தடவை போய்வந்தது. ஆறு அடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டியது. வெளுப்பில்லை, மினுமினுப்பில்லை. கரடுமுரடாக, கண்ணாடிப் பூச்சு ஒட்டிய மேனியோடு ஒரு கூம்பும் ஒரு கழுத்தும் வெளியே வந்தன. இதுவா போகப் போகிறது என்று எஃகுத் துண்டுகள் முணுமுணுத்தன.

அதன் வாலில் மிச்சம் விட்டிருந்த விரல் நீளத்தை அறுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்பது லட்சம் தாண்டியது. ஐம்பது லட்சம் தாண்டியது. பன்னிரண்டாம் நாள் ஒரு கோடியும் தாண்டியது. ஒடியவில்லை, இவர்களாகத்தான் இயந்திரத்தை நிறுத்தினார்கள். பிலோமினா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். செதுக்கி மெருகேற்ற வேறு பட்டறைக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், மூன்றாம் துண்டு எலும்போடு சேர்ந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கோகிலவாணி அந்தப் பட்டறைக்குள் வந்தாள். கையில் கம்பு இல்லை. யாரும் தாங்கிப் பிடிக்கவும் இல்லை. மில்லில் அவளை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றுகிறோம் என்று சொன்னார்களாம். அவள் முடியாது என்று சொல்லி, பழைய வேலையையே வாங்கிக்கொண்டாளாம். இதை யார் செய்தார்கள் என்று பார்க்க வந்தேன் என்றாள்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, அம்மணி" என்றார்.

"உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சுங்ணா" என்றாள் அவள். "நின்னுக்கறேன்."

சம்மட்டிக்கு நேர் எதிரே, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். ஓங்கிய சம்மட்டி பாதியிலேயே நின்றது. அந்த இடது காலுக்குள் யார் இருப்பது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அன்று பட்ட அவமானம் இன்னும் அதற்கு ஆறவில்லை.

"ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பிரஸ்ஸுக்கு வளைந்தாய்" என்றது. "எனக்கு மட்டும் ஏன் வளையவில்லை?"

"உனக்கு வளைந்து கொடுத்திருந்தால், இவளிடம் ஒடிந்திருப்பேன்" என்றது மூன்றாம் துண்டு.